கால் டாக்சி ஓட்டும் வேலை எப்படி இருக்கும்? 9 வருடம் ஓட்டியவனின் விமர்சனம்

போன மாதம் சித்தப்பா மகன் திண்டிவனத்திலிருந்து போன் செய்தான். கம்பெனியில் காண்ட்ராக்ட் முடிந்துவிட்டது, வீட்டில் சும்மா இருக்கிறான். "அண்ணா, கையில ஒன்றரை லட்சம் இருக்கு. முன்பணம் கட்டி ஒரு டி-போர்டு (மஞ்சள் போர்டு டாக்சி) வண்டி எடுத்து சென்னையில ஓட்டலாமா? உங்களுக்கு எப்படிப் போகுது?" என்று கேட்டான். போனில் சொல்லி முடிகிற விஷயமா இது? ஞாயிற்றுக்கிழமை கிளம்பி வாடா என்றேன். அன்று மதியம் சாப்பிட்டுவிட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து அவனிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். பன்னிரண்டாயிரம் ரூபாய் போன் வாங்க நாலு நாள் விமர்சனம் தேடிப் படிக்கிறோம், ஆனால் ஆறு லட்சம் கடன் வாங்கி அஞ்சு வருடத்தை அடகு வைக்கிற ஒரு தொழிலுக்கு ஷோரூம்காரர் சொன்னதையும் பக்கத்து வீட்டு டிரைவர் ஒரு நல்ல வாரத்தில் சொன்ன வருமானத்தையும் நம்பி இறங்கிவிடுகிறோம். நானும் அப்படி இறங்கியவன்தான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டி ஓட்டுவது நல்ல வேலை, எனக்கு மனதுக்குப் பிடித்த வேலை. ஆனால் கடனில் வண்டி எடுத்து, ஆப் ஒன்றையே நம்பி முதல் நாளே ரோட்டுக்கு வருவதை யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். மார்க் போடச் சொன்னால் ஐந்துக்கு மூன்று. அந்த மூன்றிலும் இரண்டு, ஆப்புக்கு வெளியே நானே தேடிப் பிடித்த வாடிக்கையாளர்களால் வந்தவை.

நான் 2016இல் ஆரம்பித்தேன். பழைய டொயோட்டா எட்டியோஸ் டீசல் கார் ஒன்றை இரண்டாவது கையாக வாங்கி ஒரு ஆப்பில் அட்டாச் செய்தேன். அப்போது ஒரு நாளைக்கு இத்தனை ட்ரிப் முடித்தால் இவ்வளவு இன்சென்டிவ் என்று கொடுத்துக்கொண்டிருந்தார்கள், வாடகையை விட இன்சென்டிவ் அதிகமாக வந்த நாட்களும் உண்டு. ஊரில் இருந்து மச்சான், சகலை என்று ஒவ்வொருத்தராக நகையை அடகு வைத்து வண்டி எடுத்தார்கள். அப்புறம் வண்டிகள் பெருகப் பெருக இலக்கை உயர்த்திக்கொண்டே போனார்கள், தொகையைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள், ஒரு கட்டத்தில் அது பேச்சுக்கு மட்டும்தான் இருந்தது. அந்தக் காலத்து வருமானத்தை வைத்து டியூ (மாதத் தவணை) கணக்குப் போட்டு வண்டி எடுத்தவர்களில் என் தெருவிலேயே மூன்று பேர் தவணை கட்ட முடியாமல் வண்டியை பைனான்ஸ்காரரிடமே விட்டார்கள். அதனால் தம்பியிடம் நான் முதலில் சொன்னது: இன்றைக்கு ஆப்பில் என்ன சலுகை ஓடுகிறதோ அதை வருமானக் கணக்கில் சேர்க்காதே. கமிஷன் இல்லை, தினம் ஒரு பாஸ் கட்டினால் போதும் என்று இப்போது பல ஆப்கள் வந்திருக்கின்றன, டிரைவருக்கு அது நல்லதுதான், நானும் அதில் ஓட்டுகிறேன். ஆனால் அறுபது மாதத் தவணையை, அடுத்த மாதமே மாறக்கூடிய ஒரு திட்டத்தின் மேல் கட்டக் கூடாது.

இப்போது என் கணக்கு நோட்டிலிருந்து ஒரு சாதாரண நாளை எடுத்துக்கொள்வோம். தீபாவளியும் இல்லை, மழையும் இல்லை, ஒரு செவ்வாய்க்கிழமை. காலை 5 மணிக்கு மடிப்பாக்கத்தில் இருந்து எடுத்தேன், நடுவில் இரண்டு மணி நேரம் வீட்டில் படுத்தது போக 12 மணி நேரம் வண்டியில் இருந்தேன். வசூல் 2,650 ரூபாய். சிஎன்ஜி வண்டி, கேஸ் கிலோ 90 ரூபாய்க்கு மேல் விற்கிறது, அன்று 750 ரூபாய்க்குப் போட்டேன். ஆப்களுக்குப் போனது 180. மாத டியூ 13,400, அதை 26 நாளால் வகுத்தால் 515. இன்சூரன்சுக்கு நாளைக்கு நூறு ரூபாய் எடுத்து வைக்க வேண்டும். டயர், ஆயில், கிளட்ச், சர்வீஸ் எல்லாவற்றுக்கும் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் என்று ஒதுக்குகிறேன், அன்று ஓடியது 190 கிலோமீட்டர், ஆக 190. பெர்மிட், எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று), வரி வகைக்கு 30. சாப்பாடு, டீ 150. கழித்துப் பார்த்தால் கையில் நின்றது 735 ரூபாய். மணிக்கு 61 ரூபாய்.

இந்த 735ஐப் பார்த்துத் தம்பி முகம் சுருங்கிவிட்டது. ஆனால் எனக்கு அதை விட முக்கியமான எண் வேறு. 190 கிலோமீட்டர் ஓடினேன் இல்லையா, அதில் பின் சீட்டில் ஆள் இருந்தது 118 கிலோமீட்டர்தான். மீதி 72 கிலோமீட்டர் எம்ப்டி. பிக்கப்புக்குப் போனது, டிராப் முடித்து ஆள் நடமாட்டம் இருக்கிற இடத்துக்குத் திரும்பியது, கேஸ் போடப் போனது, வீட்டுக்கு வந்தது. ஆப்பில் காட்டும் கிலோமீட்டரை வைத்து வகுத்தால் கிலோமீட்டருக்கு 22 ரூபாய்க்கு மேல் வருகிறது. பரவாயில்லையே என்று தோன்றும். மீட்டர் போர்டில் இருக்கும் கிலோமீட்டரை வைத்து வகுத்தால் 14 ரூபாய்கூட வரவில்லை. டயர் தேய்வதும் கேஸ் எரிவதும் அந்த 190க்குத்தான். ஒன்பது வருடத்தில் இந்தத் தொழிலில் தாக்குப்பிடித்தவர்களையும் விட்டுப் போனவர்களையும் பார்த்ததில், அதிகம் ஓட்டியவன் தாக்குப்பிடித்தான் என்று நான் சொல்ல மாட்டேன். எம்ப்டி கிலோமீட்டரைக் குறைத்தவன்தான் தாக்குப்பிடித்தான்.

"எங்க டிராப் சார்? கேஷா, ஆன்லைனா?" என்று போன் செய்து கேட்கிறோம் என்பது டிரைவர்கள் மேல் மக்களுக்கு இருக்கும் பெரிய கோபம். நியாயமான கோபம், நான் மறுக்கவில்லை. நடு ராத்திரி ஒரு பெண் ரோட்டில் நின்றுகொண்டிருக்கும்போது இடத்தைக் கேட்டுவிட்டு கேன்சல் செய்யும் டிரைவரை நானே திட்டியிருக்கிறேன். ஆனால் ஏன் கேட்கிறார்கள் என்பதும் தெரிய வேண்டும். பல வருடம் ட்ரிப்பை ஏற்கும் முன் போகும் இடம் டிரைவருக்குத் தெரியவே தெரியாது. ராத்திரி 10 மணிக்கு வேளச்சேரியில் ஒரு சவாரி எடுக்கிறேன், அது கேளம்பாக்கம் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு வில்லாவுக்குப் போனால் திரும்பி வரும் 25 கிலோமீட்டர் என் காசு. பணம் ஆன்லைன் என்றால் அது என் கணக்குக்கு வந்து சேர்வதற்குள் ராத்திரி கேஸ் போடக் கையில் காசு இருக்காது. தினக் கூலி வாங்குகிறவனுக்கு நாளைக்கு வரும் 300 ரூபாயும் இப்போது கையில் இருக்கும் 300 ரூபாயும் ஒன்றல்ல. இப்போது யுபிஐயில் நேராக என் நம்பருக்கே போடுவது வந்ததும் அந்தப் பிரச்சினை பாதி தீர்ந்தது, கேஷா என்று நான் கேட்டு ரொம்ப நாள் ஆகிறது.

இந்த எம்ப்டி கணக்கு ஊரின் அமைப்பு மாறும்போது மாறும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். முன்பெல்லாம் விடியற்காலை நாலு மணிக்கு கோயம்பேட்டில் நின்றால் போதும். தென் மாவட்டத்து பஸ் எல்லாம் வந்து இறங்கும், அண்ணா நகர், வடபழனி, அம்பத்தூர் என்று ஏழெட்டுக் கிலோமீட்டர் சவாரியாக விடியும்வரை மூன்று நான்கு அடித்துவிடலாம், ஒவ்வொரு டிராப்பிலிருந்தும் பத்து நிமிடத்தில் திரும்பிவிடலாம். 2023 டிசம்பர் 30ஆம் தேதி கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தைத் திறந்தார்கள், அடுத்த மாதமே அந்தக் கூட்டம் வண்டலூர் பக்கம் போய்விட்டது. இப்போது சவாரி பெரியது, கிளாம்பாக்கத்தில் எடுத்தால் அம்பத்தூருக்கு 35 கிலோமீட்டர் போகும், வாடகையும் நன்றாக வரும். ஆனால் அந்த நேரத்துக்கு இந்தப் பக்கமிருந்து கிளாம்பாக்கம் போக யாரும் இல்லை, எம்ப்டியாகத்தான் போக வேண்டும். தாம்பரம், பெருங்களத்தூர் பக்கம் வீடு இருக்கும் டிரைவருக்கு அது வரம். கொளத்தூரில் இருப்பவருக்கு அந்த வேலையே போய்விட்டது. ஒரு பஸ் ஸ்டாண்ட் இடம் மாறியதில் நூற்றுக்கணக்கான குடும்பங்களின் காலை வருமானம் மாறியது, அதை எந்த ஆப்பும் ஈடு செய்யவில்லை.

மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை இன்னொரு பக்கம். 118 கிலோமீட்டருக்கு மேல் மூன்று வழித்தடங்கள், ஓஎம்ஆர், ஆற்காடு ரோடு, மவுண்ட் பூந்தமல்லி ரோடு என்று நான் பிழைக்கும் ரோடெல்லாம் தகரம் அடித்து வைத்திருக்கிறார்கள். மெட்ரோ வரட்டும், ஊருக்கு நல்லது, எனக்கு அதில் வருத்தமே இல்லை. ஆனால் இரண்டு கிலோமீட்டர் பிக்கப்புக்கு 25 நிமிடம் ஆகும்போது, அந்த 25 நிமிடத்தின் செலவு முழுக்க டிரைவர் தலையில்தான் விழுகிறது. மாலை 6 முதல் 8 வரை போரூர் பக்கம் நான் போவதே இல்லை.

வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும், தம்பி அதைத்தான் அதிக நேரம் கேட்டான். என் முதல் வண்டி எட்டியோஸ் டீசல், மூன்றரை லட்சம் கிலோமீட்டர் வரை என்ஜினைப் பிரிக்கவில்லை, பின் சீட்டில் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம், டிக்கியில் நான்கு பெட்டி போகும். 2020இல் அதை இந்தியாவில் நிறுத்திவிட்டார்கள், அதே வருடம் மாருதியும் டீசலை விட்டது. இப்போது ரோட்டில் பார்ப்பது பெரும்பாலும் மாருதி டிசையர் டூர் எஸ் சிஎன்ஜி, ஹூண்டாய் ஆரா சிஎன்ஜி வகைதான். நான் 2022இல் டூர் எஸ் எடுத்தேன். ஏசி போட்டு சென்னை டிராபிக்கில் எனக்குக் கிலோவுக்கு 23 கிலோமீட்டர் கொடுக்கிறது, ஹைவேயில் 28 வரை வரும். விளம்பரத்தில் சொல்லும் 30க்கு மேற்பட்ட கணக்கை வைத்து டியூ போடாதீர்கள். செலவு குறைவு, பார்ட்ஸ் எந்தத் தெருவிலும் கிடைக்கும், எந்த மெக்கானிக்குக்கும் கை பழகிய வண்டி, டாக்சிக்கு அதை விடப் பெரிய தகுதி வேறு இல்லை.

குறை என்று பார்த்தால் டிக்கி. சிலிண்டர் பாதி இடத்தை எடுத்துக்கொள்ளும். ஏர்போர்ட்டில் நாலு பேர் குடும்பம் மூன்று பெரிய பெட்டியோடு நிற்கும்போது சங்கடமாக இருக்கும், ஒன்றை முன் சீட்டில் வைத்து, ஒருத்தர் மடியில் பையை வைத்து என்று சமாளிக்க வேண்டும், கேரியர் போட்டிருந்தால் தப்பித்தோம். அப்புறம் சிஎன்ஜி பங்கில் வரிசை. மாலையில் போனால் அரை மணி நேரம் நிற்பது சாதாரணம், பிரஷர் குறைவாக இருந்தால் முழுதாக ஏறாது, பாதி டேங்கோடு திரும்ப வேண்டும். நான் ராத்திரி 11 மணிக்கு மேல்தான் போடுகிறேன். சிலிண்டரை மூன்று வருடத்துக்கு ஒருமுறை சோதனை செய்து சான்று வாங்க வேண்டும், அதைத் தள்ளிப்போட்டு ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம். டாக்சிக்கு வேகம் 80க்கு மேல் போகாதபடி பூட்டித்தான் வரும், அது சட்டம். ஹைவேயில் லாரியை முந்தும்போது இதை மனதில் வைத்து முந்துங்கள், 80க்கு மேல் கால் வைத்தாலும் வண்டி எழாது.

பேப்பர் செலவைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1000 முதல் 1500 சிசி சொந்த உபயோக வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் 3,416 ரூபாய் என்று 2022இல் நிர்ணயித்தார்கள். அதே என்ஜின், அதே வண்டி, மஞ்சள் போர்டு மாட்டினால் 7,940 ரூபாய், அதோடு ஒரு பயணிக்கு 978 வீதம் நான்கு பேருக்கு. வரி சேர்த்தால் 14,000 ரூபாய் பக்கம் போகும், இது உங்கள் வண்டிக்கு ஒரு கீறல் விழுந்தால்கூட உதவாத பகுதி. சொந்த வண்டிக்கான சேதக் காப்பீடு தனி. எஃப்சி முதல் எட்டு வருடம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு வருடா வருடம். பழைய வண்டி மலிவாகக் கிடைக்கிறது என்று எட்டு வருடம் தாண்டியதை வாங்கினால், வருடம் ஒருமுறை பெயின்ட், பிரேக், லைட் என்று ஒரு பட்ஜெட் போட்டுக்கொள்ளுங்கள். லைசென்சில் ஒரு நல்ல மாற்றம் உண்டு, முன்பு டாக்சிக்குத் தனி பேட்ஜ் வேண்டும் என்று அலைய வேண்டியிருந்தது. 2018இல் மத்திய அரசு, இலகு ரக லைசென்ஸ் இருந்தால் டாக்சிக்குத் தனி அனுமதி தேவையில்லை என்று மாநிலங்களுக்கு எழுதியது, 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் அமர்வும் 7,500 கிலோவுக்குள் இருக்கும் வாகனத்துக்கு அதை உறுதி செய்துவிட்டது. விபத்து நடந்தபின் பேட்ஜ் இல்லை என்று காரணம் சொல்லி இன்சூரன்ஸ் மறுப்பதற்கு அந்தத் தீர்ப்பு பதில்.

ஆப் நடத்தும் விதத்தைப் பற்றி எனக்கு இருக்கும் ஒரே பெரிய மனக்குறை, நம் தரப்பைக் கேட்க ஆள் இல்லை என்பது. ஒருமுறை ஏசி சரியாக இல்லை என்று ஒரு பயணி புகார் கொடுத்தார். அன்று வெளியே 41 டிகிரி, வண்டி வெயிலில் நின்று வந்தது, பத்து நிமிடம் ஆகும் என்று அவரிடம் சொன்னேன். அடுத்த நாள் காலை ஆப்பில் என் ஐடி பிளாக், சவாரியே வராது. போன் செய்தால் பதிவு செய்யப்பட்ட குரல். ஆபீசுக்குப் போனால் டோக்கன் போட்டு உட்கார வைத்தார்கள், என்னைப் போல முப்பது பேர் இருந்தார்கள், உள்ளே இருந்த பையன் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு "சிஸ்டம்ல ஆட்டோமேட்டிக்கா ஆனது அண்ணா, மூணு நாள்ல வந்துடும்" என்றான். மூன்று நாளில் வந்துவிட்டது, ஆனால் அந்த மூன்று நாள் டியூவை யாரிடம் கேட்பது? அதற்கப்புறம்தான் ஒரே ஆப்பை நம்பி இருக்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2020இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே வாடகையில் 80 சதவீதம் டிரைவருக்குச் சேர வேண்டும், ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் ஓட்ட விடக் கூடாது என்று இருக்கிறது. டிரைவருக்கு 5 லட்சம் மருத்துவக் காப்பீடு, 10 லட்சம் ஆயுள் காப்பீடு என்பதும் அதிலேயே உண்டு, 2025 ஜூலையில் அதைப் புதுப்பித்தார்கள். ஆனால் இதை மாநிலங்கள் ஏற்று விதியாக்கினால்தான் ரோட்டில் பலன். 12 மணி நேரக் கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு ஆப்பில் நேரம் முடிந்தால் அடுத்த ஆப்பைத் திறக்கிறார்கள், டேஷ்போர்டில் இரண்டு போன் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். டியூ கட்ட வேண்டியவன் தூக்கத்தைத்தான் முதலில் வெட்டுவான். காலை நாலு மணிக்கு ஈசிஆரில் கண் சொருகி மீடியனில் ஏறிய வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன், அதில் ஒருவர் எனக்குத் தெரிந்தவர், இப்போது கால் மடக்க முடியாமல் வீட்டில் இருக்கிறார்.

தமிழ்நாட்டில் அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கு நலவாரியம் ஒன்று பல வருடமாக இருக்கிறது, பிள்ளைகள் படிப்புக்கு உதவித்தொகை, விபத்து நிவாரணம், 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் எல்லாம் உண்டு. ஆப் மூலம் வேலை செய்பவர்களுக்கென்று தனியாக இன்னொரு நலவாரியத்தையும் 2023 கடைசியில் அமைத்தார்கள். பதிவு செய்துகொள்ளுங்கள். என் கூட ஓட்டும் பத்துப் பேரில் ஏழு பேர் இன்னும் பதியவில்லை, லைசென்ஸ், ஆதார், பேங்க் புத்தகத்தோடு ஒரு நாள் போனால் முடிகிற வேலை.

உடம்பைப் பற்றி டிரைவர்கள் வெளியே பேசுவதில்லை. முதுகு வலி எல்லோருக்கும் தெரியும். ஒன்றுக்குப் போக இடம் இல்லாமல் அடக்குவதும், அதற்காகத் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும்தான் பெரிய சேதம். எனக்கு 2019இல் சிறுநீரகக் கல் வந்து நான்கு நாள் துடித்தேன். அதற்குப் பிறகு எந்த பங்கில் கழிவறை சுத்தமாக இருக்கும், எங்கே பூட்டு போட்டிருப்பார்கள் என்று ஒரு வரைபடமே மனதில் வைத்திருக்கிறேன். இரண்டு லிட்டர் பாட்டில் ஒன்று சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும், மதியத்துக்குள் காலியாக வேண்டும் என்பது என் மனைவி போட்ட விதி.

சரி, இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் இன்னும் ஓட்டுகிறேன்? அந்த மூன்றில் இரண்டு மார்க்கை விளக்க வேண்டும்.

ஐந்து வருடத்துக்கு முன் ஆப்பில் ஒரு வயதானவர் ஏறினார், கூட அவர் மனைவி. ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸ் செய்யப் போகிறார்கள். இறங்கும்போது அந்த அம்மா, "தம்பி, வாரத்துக்கு மூணு நாள் போகணும். ஒவ்வொரு தடவையும் வண்டி புக் பண்ணி, கேன்சல் ஆகி, இவரை நிக்க வெச்சுக்கிட்டு ரொம்பக் கஷ்டமா இருக்குப்பா. நீ வருவியா?" என்று கேட்டார். சரி அம்மா என்றேன். செவ்வாய், வியாழன், சனி காலை 6:30க்கு அவர் வீட்டு வாசலில் நிற்பேன். சிகிச்சை நாலு மணி நேரம், அதற்குள் பக்கத்திலேயே இரண்டு மூன்று லோக்கல் சவாரி அடித்துவிட்டுச் சரியாகத் திரும்பி வந்துவிடுவேன். போகும்போது பேசிக்கொண்டு வருவார், வரும்போது சோர்ந்து கண்ணை மூடியிருப்பார், ஸ்பீடு பிரேக்கரில் வண்டியைத் தாலாட்டுவதுபோல் ஏற்றி இறக்கப் பழகினேன். அவர் மூலமாக அதே ஆஸ்பத்திரிக்கு வரும் இன்னும் இரண்டு குடும்பம் கேட்டார்கள். அப்புறம் ஒரு டீச்சர், சைதாப்பேட்டையில் இருந்து தினமும். வாரம் ஒருமுறை பாண்டிச்சேரி போய்வரும் ஒரு வியாபாரி. இன்று என் வருமானத்தில் பாதிக்கு மேல் இந்த ஆறு ஏழு பேரால் வருகிறது. ஆப் சவாரியில் பத்து கிலோமீட்டருக்கு நாலு எம்ப்டி என்றால் இதில் இரண்டுகூட வராது, ஏனென்றால் நேரமும் இடமும் எனக்கு முந்தின நாளே தெரியும், நடுவில் எதைச் செருகலாம் என்று நானே தீர்மானிக்கிறேன்.

அந்தப் பெரியவர் போன வருடம் ஐப்பசியில் தவறிவிட்டார். அந்த அம்மா இப்போதும் மாதம் ஒருமுறை கபாலி கோயிலுக்குப் போக என்னைத்தான் கூப்பிடுகிறார்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். அதற்கு முந்தைய ராத்திரியே வண்டியைக் கொண்டுபோய் வேளச்சேரி மேம்பாலத்தில் ஏற்றி வைத்துவிட்டேன், எனக்கு முன்னாலும் பின்னாலும் வரிசையாக வண்டிகள், சொந்த போர்டும் டி-போர்டும் கலந்து. 2015 வெள்ளத்தைப் பார்த்த எங்கள் பகுதி ஆட்களுக்கு அது பழகிவிட்டது. தண்ணீர் ஏறிய வண்டியை அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்தால் என்ஜின் போய்விடும், அதற்கென்று தனியாகச் சேர்க்காவிட்டால் சாதாரண காப்பீட்டில் அது வராது. நான் வண்டியிலேயே இரண்டு ராத்திரி படுத்தேன். மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்த பக்கமாக, ஒரு கர்ப்பிணியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியுமா என்று பாலத்திலேயே வந்து ஒருவர் கேட்டார். சுற்றிச் சுற்றிப் போய்ச் சேர்த்தேன். வாடகை கேட்கத் தோன்றவில்லை, அவரே சட்டைப்பையில் திணித்துவிட்டுப் போனார். இந்த வேலை எனக்கு ஏன் பிடிக்கும் என்று யாராவது கேட்டால் அந்தக் காலைதான் நினைவுக்கு வரும்.

வெளியூர் டிராப் பற்றியும் ஒரு வார்த்தை. கிலோமீட்டர் 14 ரூபாய், ஒருவழிக்கு மட்டும் காசு என்று விளம்பரம் பார்த்திருப்பீர்கள். பயணிக்கு அருமையான திட்டம். டிரைவருக்கு, திரும்பும்போது ஆள் கிடைத்தால் மட்டும்தான் திட்டம். மதுரைக்கு 460 கிலோமீட்டர், 6,440 ரூபாய். எம்ப்டியாகத் திரும்பினால் 920 கிலோமீட்டருக்கு அந்தக் காசு, கிலோமீட்டருக்கு 7 ரூபாய். சவாரி பிடித்துக் கொடுக்கும் வெண்டரின் கமிஷனும் திரும்பும் வழி டோலும் அதற்குள்தான். மதுரையிலோ திருச்சியிலோ திரும்பும் சவாரி கொடுக்க நம்பிக்கையான ஆள் தெரியாமல் அதில் இறங்க வேண்டாம். ஐடி கம்பெனி ஷிப்ட் வண்டியும் அப்படித்தான், எம்ப்டி குறைவு, வருமானம் நிலையானது, ஆனால் நடுவில் இருக்கும் வெண்டர் காசு கொடுக்க இழுப்பார். ஒரு வெண்டரிடம் எனக்கு மூன்று மாதப் பாக்கி நின்று, கடைசியில் ஒரு மாதக் காசு வரவே இல்லை. சேரும் முன் அங்கே ஏற்கெனவே ஓட்டுகிற இரண்டு பேரிடம் எத்தனை நாளில் காசு வருகிறது என்று கேளுங்கள்.

தம்பியிடம் நான் கடைசியாகச் சொன்னது இதுதான். ஒன்றரை லட்சத்தை அப்படியே பேங்கில் போடு. ஆறு மாதம் வேறு ஓனரின் வண்டியைப் பர்சென்டேஜுக்கு, அதாவது வசூலில் ஒரு பங்குக்கு ஓட்டு. ஓனரிடம் பேசும்போது கேஸ் யார் செலவு, சின்னக் கீறலுக்கு யார் பொறுப்பு, ஃபைன் வந்தால் யார் கட்டுவது, மூன்றையும் முதலிலேயே பேசி முடி. வாரம் ஒரு நாள் கட்டாயம் வீட்டில் இரு. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, தினமும் வண்டி எடுக்கும்போதும் விடும்போதும் மீட்டர் போர்டைப் பார்த்து எழுது, ஆள் இருந்த கிலோமீட்டரை ஆப்பில் பார்த்துப் பக்கத்தில் எழுது. ஆறு மாதம் கழித்து அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வா, வண்டி எடுப்பதா வேண்டாமா என்று நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து பார்ப்போம். டியூ இல்லாமல் இருந்திருந்தால் என் செவ்வாய்க்கிழமை 1,250 ரூபாயில் முடிந்திருக்கும், அதையும் யோசித்துப் பார் என்றேன்.

அவன் மேடவாக்கத்தில் ஒரு ஓனரிடம் சேர்ந்துவிட்டான். நேற்று ராத்திரி முதல் மூன்று வாரத்து நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினான். ஓடியது 3,420, ஆள் இருந்தது 1,960. கீழே ஒரு வரி எழுதியிருந்தான்: "அண்ணா, வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிறுசேரியில நின்னா எம்ப்டி குறையுது."